மண்ணுக்குள் ஒரு பேரிக்காய்

கட்லற் வாங்க வந்த மனிதரை மறித்து வைத்து, கட்லற் என்ற சொல் எங்கேயிருந்து வந்தது தெரியுமா என்று கேட்கிற ஓர் ஆளை அக்காவைத் தவிர நான் வேறெங்கும் கண்டதில்லை. அந்த மனிதர் பாவம், வெளியே காரை இயங்க விட்டுவிட்டு வந்தவர். "அது பிரெஞ்சுச் சொல் தம்பி. விலா எலும்பு எண்டு அர்த்தம். எங்கட கட்லற்றில விலாவும் இல்லை, எலும்பும் இல்லை, மீன்தான் கிடக்கு" என்று அக்கா பார்சலைக் கட்டியபடியே சொன்னார். மனிதர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். முதலாளி உள்ளேயிருந்து, "அக்கா, வித்துப்போட்டு விளக்கம் குடுங்கோ" என்றார்.

கனடாவில், ரொறன்ரோப் பக்கத்து மில்லிக்கனில் ஒரு பிளாசாவில் இருந்தது அந்தச் சாப்பாட்டுக் கடை. முன்னால் விற்பனை, பின்னால் சமையல். பின்பக்கத்து நீள மேசையில் எதிரும் புதிருமாக நின்று ஆறு வருடம் நானும் அக்காவும் ரோல்ஸுக்கு உருளைக்கிழங்கு உரித்தோம். கிழங்கைத் தோலோடு அவித்து, சூடு ஆறுமுன் உரித்துவிட வேண்டும். ஆறவிட்டால் தோல் வராது. எங்கள் இருவரின் விரல் நுனிகளுக்கும் சூடு உறைக்காமல் போய்விட்டது. அவருக்கு என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது கூட. கடையில் எல்லாருக்கும் அவர் அக்கா. வயதில் குறைந்த எவளும் அவருக்குப் பிள்ளை.

உள்ளே வரும்போது "மொயன்" என்பார். லக்சம்பேர்க்காரர் சொல்கிற வணக்கமாம் அது. காலை வணக்கம் தேய்ந்து தேய்ந்து இப்படி ஆனதென்றும், ஆனாலும் அங்கே பின்னேரமும் அதைத்தான் சொல்வார்களென்றும் விளக்கம் தருவார். நாங்களும் பதிலுக்கு மொயன் போட்டோம். கொத்து ரொட்டி அடிக்கிற அண்ணைகூட இரும்புத் தகட்டைத் தட்டி மொயன் சொல்லுவார்.

லக்சம்பேர்க் என்பது ஜெர்மனிக்கும் பிரான்சுக்கும் பெல்ஜியத்துக்கும் இடையில் கையகலத்தில் கிடக்கிற ஒரு நாடு. அதன் மொழி ஜெர்மனுக்குச் சொந்தக்காரி. அக்கா அந்த நாட்டில் ஒருநாளும் கால் வைத்ததில்லை. மோர்னிங்சைட்டில் ஒரு பேஸ்மென்றில் இருந்துகொண்டு, நூலகத்தில் எடுத்த ஜெர்மன் அகராதியையும் தொலைபேசியில் கிடைத்த லக்சம்பேர்க் அகராதியையும் வைத்துத் தானாகப் படித்தார். பள்ளிப் பிள்ளைகள் எழுதுகிற கொப்பி ஒன்று வைத்திருந்தார். பக்கத்துக்கு ஒரு சொல். மேலே சொல், கீழே அதன் தாய்ச்சொல், அதற்கும் கீழே அதன் தாய். சும்மா பாடமாக்கினால் இரண்டு நாளில் மறந்துபோகும், எங்கேயிருந்து வந்ததென்று தெரிந்தால் மறக்காது என்பது அவர் கட்சி.

"உதைப் படிச்சு என்னக்கா செய்யப் போறியள்? அங்க போய் அரசாளப் போறியளோ?" என்று நான் நக்கலடிப்பேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அவர் சிரித்துவிட்டு அடுத்த கிழங்கை எடுப்பார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது எனக்கு நெஞ்சு எரிகிறது.

அவர் அதிகம் தூக்கிப் பிடித்த சொல் எங்கள் கைக்குள்ளேயே இருந்தது.

"பிள்ளை, நாங்கள் உரிக்கிறதுக்கு அங்க என்ன பேர் தெரியுமே? க்ரொம்பர்."

"சரி."

"சரியில்லை, கேளும். கிழங்கு கடல் கடந்து அந்தப் பக்கம் வரேக்க அதுக்கு அங்க பேர் இல்லை. சனம் என்ன செய்தது, தங்களுக்குத் தெரிஞ்ச ஒரு பழத்தின்ர பேரை எடுத்து, முன்னால நிலத்தைப் போட்டு, நிலப் பேரிக்காய் எண்டு கூப்பிட்டுது. க்ரொண்ட் எண்டால் நிலம். இங்கிலீசில கிரவுண்ட் எண்டுறம் பாரும், அதுவும் உதுவும் ஒரு வயித்துப் பிள்ளையள். பழைய ஜெர்மானியரின்ர சொல். பிர் எண்டால் பேரிக்காய். அது அவையின்ர இல்லை, ரோமாக்காரரிட்ட இருந்து எப்பவோ வாங்கினது. ரெண்டும் சேர்ந்து வாயில அரைபட்டு க்ரொம்பர் ஆச்சுது. இப்ப அங்க ஆரிட்டக் கேட்டாலும் உதுக்குள்ள ஒரு பேரிக்காய் இருக்கெண்டு தெரியாது."

"எனக்குத் தெரிஞ்சுமட்டும் என்ன ஆகப் போகுது?" என்றேன். ஒரு அண்டாக் கிழங்கு முன்னால் ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

ஆனால் ஒரு நாள் என் நக்கலும் எடுபடாமல் போனது. எங்களுக்குக் கிழங்கு மூட்டை கொண்டுவந்து இறக்குகிறவர் குரோவேஷியாக்காரர், தாடியும் தொந்தியுமாக ஒரு பெரிய மனிதர். மூட்டையைத் தொப்பென்று போட்டுவிட்டு, கையிலிருந்த பில் துண்டைப் பார்த்துத் தன் பாட்டுக்கு "க்ரும்பிர்" என்று முணுமுணுத்தார். அக்கா அப்படியே நிமிர்ந்தார். அவர் லொறிக்குத் திரும்பிப் போய்விட்டார். அக்கா ஏப்ரனோடு, கோட்டும் இல்லாமல், சமையலறைச் செருப்போடு பனிக்குள் ஓடினார். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். மனிதர் முதலில் ஏதோ புகார் என்று பயந்து பின்வாங்கினார். அக்கா ஒரு கிழங்கை முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டிப் பேசினார். பிறகு இரண்டு பேரும் சிரித்தார்கள். திரும்பி வந்தபோது அக்காவின் பல் கிட்டிக்கொண்டிருந்தது. "அதே சொல் பிள்ளை. ஜெர்மன்காரர் அங்க போய்க் குடியேறேக்க கூடப் போயிருக்கு. அந்த மனிசனுக்கே தெரியேல்லை." அதற்குப் பிறகு ஒவ்வொரு வியாழக்கிழமையும் அவர் வாசலில் நின்று க்ரும்பிர் என்று கத்துவார், உள்ளேயிருந்து அக்கா க்ரொம்பர் என்று பதில் கொடுப்பார். முதலாளி தலையில் கை வைத்துக்கொள்வார்.

அன்று பின்னேரம் அவரை வீட்டில் இறக்கப் போனேன். நானும் அப்போது மோர்னிங்சைட்டில்தான் இருந்தேன். காருக்குள் சூடு ஏறும்வரை கையைத் தேய்த்துக்கொண்டிருந்தவர், நான் எதுவும் கேட்காமலே சொன்னார்.

"அங்க என்ர மகன் இருக்கிறான். அவனுக்குத் தமிழ் வராது. அதுக்குத்தான் படிக்கிறன்."

நான் காரை ஓரமாக நிறுத்தினேன். ஒரு வருடம் முழுக்க நான் அடித்த நக்கலெல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது.

ஊரில் யுத்தம் நடந்த காலத்தில் அக்காவின் கணவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள், திரும்பி வரவில்லை. அக்கா ஐந்து வயது மகனோடு கொழும்புக்கு வந்து ஒரு ஏஜென்றைப் பிடித்தார். அந்த ஏஜென்றிடம் இருந்தது ஒரு குடும்பத்தின் பயணப் பத்திரம்: கணவன், மனைவி, ஐந்து வயதில் ஓர் ஆண்பிள்ளை. பாரிசுக்குப் போகக் கணவன் மனைவி இருவர் தயாராக நின்றார்கள், பிள்ளைதான் இல்லை. "உங்கட பிள்ளையை இவையோட விடுங்கோ, நீங்கள் அடுத்த மாதம் பின்னால போகலாம்" என்று அவன் சொன்னான். எங்கள் சனத்துக்குள் இது நடக்காத காரியமில்லை. எத்தனையோ பிள்ளைகள் அடுத்தவர் பெயரில்தான் கடல் கடந்தார்கள். போகிற வழியில் அந்த மூவரும் லக்சம்பேர்க்கில் பிடிபட்டார்கள். பிள்ளையைப் பிரித்துவிடுவார்களென்று பயந்து, பத்திரத்தில் இருந்தபடியே எங்கள் பிள்ளை என்று சொல்லி அங்கேயே அகதியாகப் பதிந்தார்கள். அக்காவை ஏஜென்ற் கொண்டுவந்து இறக்கியதோ ரொறன்ரோவில்.

இங்கே அகதி விண்ணப்பப் பாரம் நிரப்பியபோது, தமிழில் கேட்டு எழுதிக் கொடுக்க வந்த ஒருவர் யோசனை சொன்னார். "பிள்ளை அங்க வேற ஆக்களின்ர பிள்ளையாப் பதிஞ்சிருக்கு. நீங்கள் இஞ்ச என்ர பிள்ளை எண்டு எழுதினால் அவையும் பொய், நீங்களும் பொய். பிள்ளையள் எண்ட இடத்தில இல்லையெண்டு போடுங்கோ. பிறகு பாப்பம்." அக்கா இல்லை என்று போட்டார். அந்தப் 'பிறகு' வந்து, இங்கே நிரந்தரமாக இருக்கலாமென்று கடிதமும் கிடைத்து, மகனைக் கூப்பிட ஒரு வழக்கறிஞரிடம் போனபோது, அவர் பழைய பாரத்தை எடுத்து மேசையில் வைத்தாராம். பிள்ளை இல்லையென்று எழுதின ஆள் பிள்ளையைக் கூப்பிட முடியாது.

"என்ர கையெழுத்துத்தான் பிள்ளை. நல்ல வடிவா வைச்சிருக்கிறன்" என்றார் அக்கா.

அந்தத் தம்பதி கெட்டவர்கள் இல்லை. பிள்ளையை நன்றாக வளர்த்தார்கள், பிறகு தங்களுக்கும் இரண்டு பெற்றார்கள். துப்புரவு வேலைக்குப் போய்ப் பிடித்த பிரெஞ்சிலேயே பிள்ளைகளோடும் சமாளித்தார்கள். பிள்ளைகள் மூவரும் பள்ளிக்கூடத்தில் பிடித்த லக்சம்பேர்க் மொழியில் தங்களுக்குள் கதைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா போன் எடுப்பார். அவன் ஆறு வயதில் தமிழில் பேசினான், எட்டு வயதில் ஓம் இல்லை என்றான், பத்து வயதில் ரிசீவரைக் கொடுத்துவிட்டு ஓடிவிட்டான். "அவனுக்கு இப்ப சொல்ல வேண்டாம் அக்கா, பதினெட்டு ஆகட்டும்" என்று அந்தப் பெண் அழுதாள். பதினெட்டு ஆனபிறகு, படிப்பு முடியட்டும். அக்கா அவனுக்குக் கனடாவில் இருக்கிற அன்ரியாகவே இருந்தார். அங்கே அன்ரிக்கு டட்டா என்று சொல்வார்களாம். அக்கா அந்த மொழியைத் தட்டுத்தடுமாறிப் பேசத் தொடங்கியபின் அவன் தானாகவே எடுக்க ஆரம்பித்தான். "மொயன், டட்டா" என்று தொடங்குவான். அவர் கிழங்குக் கையோடு போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு முகமெல்லாம் வெளிச்சமாக நிற்பார்.

டட்டா எங்கேயிருந்து வந்த சொல் என்று ஒருநாள் கேட்டேன். அவரைச் சந்தோசப்படுத்தத்தான் கேட்டேன்.

"அதைத் தேடேல்லை" என்றார். அண்டாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அவனுக்கு முப்பது வயது நெருங்கிய வருடம், ஸ்காபுரோவில் ஒரு கல்யாணத்துக்கு அந்தத் தம்பதி அவனையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். கல்யாண வீட்டுக்கு ரோல்ஸ் எங்கள் கடையில்தான் சொல்லியிருந்தார்கள். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அவர்களே எடுக்க வருவதாக ஏற்பாடு. அக்கா ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

"அவனுக்குச் சொல்லப் போறன். ஏழு வசனம் எழுதி வைச்சிருக்கிறன். அவை ரெண்டு பேருக்கும் உந்தப் பாசை விளங்காது. முன்னால நிண்டாலும் அவனுக்கு மட்டும்தான் கேக்கும்."

"முதல் வசனம் என்னக்கா?"

"கிழங்குதான். பேர் இல்லாமல் வந்த கிழங்குக்கு ஆற்றையோ பேரைக் குடுத்த கதை. அதில இருந்து அப்பிடியே எங்கட கதைக்கு வந்திடுவன்."

எனக்கு இது சரியாகப்பட்டது.

அந்தச் சனிக்கிழமை அக்கா துருவிய கிழங்கில் வெங்காயமும் முட்டையும் மாவும் சேர்த்துத் தட்டி, அந்த நாட்டுச் சந்தைகளில் விற்கிற கிழங்கு அடை பொரித்துக்கொண்டு நின்றார். பெட்டிகள் பாரம் என்று அவன் பின்பக்கத்துக்கே வந்தான். உயரம், தாடி. தாடிக்குள் அக்காவின் நாடி. எனக்கு அது தெரிந்தது, அவனுக்கு எப்படித் தெரியாமல் போனது என்று இன்றைக்கும் ஆச்சரியப்படுகிறேன். அக்கா மொயன் என்றார். அவன் அடையைக் கண்டதும் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான், சுடச்சுட ஒன்றை எடுத்துக் கடித்தான், வாயைத் திறந்து ஊதினான். இரண்டு பேரும் பேசினார்கள். அக்கா கொப்பியைத் திறந்து ஏதோ காட்டினார். எனக்கு விளங்கியது க்ரொம்பர் என்ற ஒரு சொல்தான். முதல் வசனம் சொல்லியாகிவிட்டது என்று நினைத்தேன்.

அவன் தோளைக் குலுக்கி, சிரித்தபடி ஏதோ பதில் சொன்னான். பிறகு வாசல் பக்கம் திரும்பி, முன்கடையில் நின்ற, தன்னை வளர்த்த பெண்ணைப் பார்த்து உரக்கக் கூப்பிட்டான்.

"அம்மா."

தமிழில்தான் கூப்பிட்டான். அந்தப் பெண் வந்தாள். கொப்பியைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, அவனுக்கு என்ன சொன்னனீங்கள்?" என்று கேட்டாள்.

அக்கா அடுப்பை அணைத்தார். ஏப்ரனில் கையைத் துடைத்தார். நான் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"கிழங்கைப் பற்றித்தான் சொன்னன்" என்றார்.

அவர்கள் போனபிறகு அக்கா திரும்பவும் கிழங்கு உரிக்கத் தொடங்கினார். நான் பொறுக்காமல் கோபப்பட்டேன். இவ்வளவு வருடம் படித்துவிட்டு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் கையை நிறுத்தாமல் சொன்னார்.

"நான் சொன்னன், கடல் கடக்க முதல் அதுக்கு வேற பேர் இருந்திருக்கும், ஆருக்கும் தெரியாமப் போச்செண்டு. அவன் சொல்லுறான், அதுக்கென்ன டட்டா, இப்ப அது எங்கட க்ரொம்பர்தானே எண்டு. கிழங்கைத்தான் சொன்னவன். அவனில பிழை இல்லை." இன்னொரு கிழங்கை எடுத்தார். "பிறகு அம்மா எண்டு கூப்பிட்டான். கேட்டனீர்தானே? அவனுக்கு எல்லாத் தமிழும் போயிட்டுது, அது மட்டும் போகேல்லை. அந்தச் சொல் அவனுக்கு எங்கயிருந்து வந்ததெண்டு நான் தேடத் தேவையில்லை பிள்ளை. நான்தான் குடுத்தனான்."

அதற்கு மேல் உரிக்க முடியாமல் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். கொத்து அடிக்கிற அண்ணை தகட்டை நிறுத்திவிட்டார். நான் போய் அவர் முதுகில் கை வைத்தேன்.

அதற்குப் பிறகு அக்கா ஒரு சொல்லுக்கும் வேர் தேடவில்லை. குரோவேஷியாக்காரர் வாசலில் நின்று கத்துவார், அக்கா சும்மா கையைக் காட்டுவார். ஞாயிற்றுக்கிழமை போன் மட்டும் தொடர்ந்தது.

இரண்டு வருடம் கழித்துக் குடலில் கட்டி என்றார்கள். சத்திர சிகிச்சைக்கு முதல்நாள் மத்தியானம் நான் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து பாரம் நிரப்பினேன், அக்காவுக்குக் கை ஓடவில்லை. பெயர், விலாசம், ஒவ்வாத மருந்து எல்லாம் எழுதினேன். பிள்ளைகள் என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. அக்காவைப் பார்த்தேன்.

"இல்லையெண்டு போடும். முந்தியும் அப்பிடித்தான் போட்டது."

நான் போட்டேன். என் கையெழுத்தும் வடிவாகத்தான் இருந்தது. அக்கா அந்தச் சிகிச்சையிலிருந்து மீளவில்லை.

செத்தவீடு முடிந்த ஞாயிற்றுக்கிழமை அவருடைய போன் என்னிடம் இருந்தது. ஊரெல்லாம் சொன்ன நாங்கள் லக்சம்பேர்க்குக்குச் சொல்லவில்லை. அந்தத் தம்பதி சொல்லியிருப்பார்கள் என்று நான் நினைத்தேன், அவர்கள் சொல்லவில்லை. போன் அடித்தது. "மொயன், டட்டா" என்றது அவன் குரல். நான் ஆங்கிலத்தில் யாரென்று சொல்லி, விஷயத்தையும் சொன்னேன். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. தங்கள் சொந்தக்காரப் பெரியவர்களில் தன்னோடு தன்னுடைய மொழியில் கதைத்த ஒரே ஆள் அவர்தான் என்று சொன்னான். பிறகு தயங்கித் தயங்கி, அன்று அவர் காட்டிய கொப்பியைத் தனக்குத் தர முடியுமா என்று கேட்டான்.

"அவருக்குப் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்குத்தான் அது சேர வேண்டும். இருக்கிறார்களா?" என்றும் கேட்டான். மரியாதையாகத்தான் கேட்டான்.

ஏழு வசனமும் அந்தக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் இருந்தன. அக்கா அதைக் கிழிக்கவில்லை. நான் ஒன்றும் சொல்லாமல் கொப்பியை அப்படியே அனுப்பியிருந்தால் போதும், அவன் வாசித்திருப்பான். ஆனால் அடுப்பை அணைத்துவிட்டுக் கிழங்கைப் பற்றித்தான் என்று சொன்னவர் அக்கா. அவர் மூடியதைத் திறக்க நான் யார் என்று யோசித்தேன்.

"இல்லை" என்றேன்.

கடைசிப் பக்கத்தை மட்டும் கத்தரித்து எடுத்துக்கொண்டு கொப்பியைத் தபாலில் அனுப்பினேன். செய்தது சரியென்று ஒரு நாள் தோன்றும், மகா பாவம் என்று மறுநாள் தோன்றும். இப்போது பிக்கரிங்கில் இருக்கிறேன், வேறு வேலை. அந்தத் தாள் என் அலுமாரியில் இருக்கிறது. எனக்கு அந்த மொழி விளங்காது. முதல் வசனத்தில் க்ரொம்பர் என்ற சொல்லை மட்டும் அடையாளம் தெரியும். ஏழாவது வசனத்தில், அந்த ஆங்கில எழுத்துகளுக்கு நடுவில் ஒரே ஒரு சொல்லை அக்கா தமிழில் எழுதியிருக்கிறார். அம்மா என்று.